கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் ஏன் கொதிக்கிறது, ஏன் இரைகிறது?

சித்திரை பிறந்துவிட்டால், பாளையங்கோட்டையில் மாடி அறையில் உட்கார்ந்து கேம் ஆடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அது போதாதென்று மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கும். "ஏல, அது என்னல சத்தம்? டிவில ஒண்ணுமே கேக்கல" என்று பக்கத்து அறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில், அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய படம் திக்கித் திக்கி நகரும்.

இந்தக் கட்டத்தில் பலரும் கடைக்குப் போய் இன்னும் இரண்டு ஃபேன் வாங்குவார்கள். லேப்டாப் என்றால் அடியில் வைக்க ஃபேன் பொருத்திய ஒரு கூலிங் பேட். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் செய்யலாம். கம்ப்யூட்டர் உண்டாக்கும் சூட்டையே குறைப்பதுதான் முதல் வேலை. அதற்குக் காசு செலவில்லை. ஏன் அந்த வரிசை என்று புரிய, சின்னதாக ஒரு கூட்டல் கணக்கு தெரிந்தால் போதும்.

ஒரு கூட்டல் கணக்கு

கம்ப்யூட்டர் பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. நடுவில் அது படம் வரைகிறது, கணக்குப் போடுகிறது, எல்லாம் சரி. ஆனால் 300 வாட் உள்ளே போனால் 300 வாட் சூடு அறைக்குள் வரும். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். படம் வரையும் பாகமான கிராபிக்ஸ் கார்டு, நம் ஊரில் பலர் வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 என்றால், தனியாகவே 170 வாட் வரை எடுக்கும். கணக்குப் போடும் ப்ராசசர், மற்ற பாகங்கள் எல்லாம் அதற்கு மேல்.

இந்தச் சூட்டில் கார்டிலும் ப்ராசசரிலும் உள்ள சிப் எந்த வெப்பநிலைக்கு ஏறும்? அறையின் வெப்பநிலையோடு ஒரு கூடுதலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் விடை. அந்தக் கூடுதல் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: சிப் எத்தனை வாட் எரிக்கிறது, அந்தச் சூட்டை எடுத்து வெளியே தள்ளும் ஏற்பாடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

மார்கழி இரவு, அறையில் 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கேம் ஆடும்போது கார்டு 67 டிகிரி காட்டுகிறது. கூடுதல் 42. அதே கேம், அதே ஃபேன் வேகம், ஆனால் கத்திரி வெயில் காலம், அறையில் 37 டிகிரி. கார்டு இப்போது 79 காட்டும். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறைதான் 12 டிகிரி ஏறியிருக்கிறது. "போன டிசம்பர்ல நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, இப்ப கெட்டுப்போச்சு" என்று கேபினெட்டைப் பைக்கில் வைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கூடுதல் பழைய அளவிலேயே இருந்தால் மிஷினில் கோளாறு இல்லை. அதுவே 42 இலிருந்து 55 ஆகிவிட்டது என்றால் தூசி, சிப்பின் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்தது, நின்றுபோன ஃபேன் என்று ஏதோ இருக்கிறது.

நடைமுறையில் ஒரு வித்தியாசம் உண்டு. கார்டு அப்படியே 79 க்குப் போய் நிற்பதில்லை. சூடு ஏற ஏற ஃபேனை வேகமாகச் சுற்றவிட்டு, கூடுதலைக் கொஞ்சம் அமுக்கப் பார்க்கும். வெயில் காலத்தில் நம் காதில் விழும் இரைச்சல் அதுதான்.

இன்னொன்று, இதைப் புதிதாகக் கேட்பவர்கள் பலர் நம்பமாட்டார்கள்: எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும், எவ்வளவு விலை கொடுத்து, குழாயில் தண்ணீர் ஓடிச் சிப்பின் சூட்டை எடுக்கும் வாட்டர் கூலர் வாங்கினாலும், சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சீலிங் ஃபேனுக்குக் கீழே நமக்குக் குளிர்ச்சியாக இருப்பது நமக்கு வேர்ப்பதால். வேர்வை காயும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டருக்கு வேர்ப்பதில்லை. அதன் மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் கூடும், அந்த வகையில் பலன் உண்டு. ஆனால் வீசுவது 37 டிகிரி காற்று என்பதை மறக்க வேண்டாம்.

சூடு எந்த வழியாக வெளியே போகிறது

சிப் என்பது விரல் நகம் அளவு, பெரிய கார்டுகளில் அதைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் நூற்றுக்கணக்கான வாட் உண்டாகிறது. அதை அப்படியே காற்றுக்குக் கொடுக்க முடியாது. அதனால் சிப்பின் மேல் மெல்லிய பூச்சாக தெர்மல் பேஸ்ட், அதன் மேல் செம்புத் தகடு, அதிலிருந்து செம்புக் குழாய்கள், குழாய்களில் கோத்த நூறு சொச்சம் அலுமினியத் தகடுகள். களத்தில் நெல்லைக் குவியலாகப் போட்டு வைத்தால் காயாது, பரப்பிவிட்டால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும் இல்லையா, அதே காரியம்தான் இங்கும்: சூட்டை அகலமாகப் பரப்பிவிட்டால் காற்று சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஃபேன் அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளுகிறது. கேபினெட் ஃபேன்கள் அந்தச் சூடான காற்றைப் பெட்டிக்கு வெளியே தள்ளுகின்றன.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது: அறையிலிருந்து வெளியே. சத்தம் வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்தி, கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஆடினால், அறையே சில டிகிரி ஏறிவிடும். மேலே சொன்ன கணக்கின்படி சிப்பும் அதே அளவு ஏறும். வலை அடித்த ஜன்னல் ஒன்று, எதிர்ப்பக்கம் திறந்த கதவு ஒன்று, அவ்வளவு போதும். ஏசி இருந்தால் கதையே வேறு. ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளக்கூடியது; கம்ப்யூட்டரின் 300 வாட் அதற்குப் பெரிய சுமை இல்லை. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நம் பக்கத்து வறண்ட கோடையில் அறைக் காற்றை நன்றாகவே குளிர வைக்கும். ஆனால் அதைக் கம்ப்யூட்டருக்கு நேராக வைக்காதீர்கள். போர் தண்ணீர் உப்போடு சேர்ந்து சிதறும் துளி உள்ளே போவது நல்லதில்லை.

எவ்வளவு சூடு அதிகம்?

முதலில் எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10 இன் 2020 மே அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்று இருக்கும் இடத்தில் பாருங்கள். ப்ராசசருக்கும் சேர்த்துப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரிய வேண்டுமானால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். கார்டு எம்எஸ்ஐ கம்பெனியுடையதாக இருக்க வேண்டியதில்லை, எதற்கும் ஓடும்.

அப்புறம் பயம். 80 ஐப் பார்த்ததும் பலருக்கு வேர்த்துவிடுகிறது. தேவையில்லை. என்விடியா கார்டுகள் பல தலைமுறைகளாக 83 டிகிரியை இலக்காக வைத்துத்தான் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. பெரும்பாலான இன்டெல் ப்ராசசர்களின் உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வரம்பைத் தொட்டால் சிப் உடனே எரிந்துபோகாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்லிங் என்கிறார்கள். ஆரம்பத்தில் நன்றாக ஓடிய கேம் கால் மணி நேரம் கழித்துத் திக்குவதற்கு அடிக்கடி இதுவே காரணம். வேகம் குறைத்தும் அடங்கவில்லை என்றால் மிஷின் பட்டென்று அணைந்துவிடும். அதுவும் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

என் அளவுகோல் இது: கோடை மதியத்தில் கார்டு 83 க்குள்ளும், டெஸ்க்டாப் ப்ராசசர் கேம் ஆடும்போது 85 க்குள்ளும் நின்றால் சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தத்தை மட்டும் கவனிக்கலாம்.

சத்தத்தின் கணக்கு

ஃபேன் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதே சமயம், ஒரே மாதிரி ஃபேன் ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டாக வைத்து, இரண்டையும் அதே வேகத்தில் சுற்றவிட்டால் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே ஒரு ஃபேன் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அலறுவதைவிட மூன்று ஃபேன் 800 சுற்றில் மெதுவாகச் சுற்றுவது எவ்வளவோ மேல். பெரிய ஃபேன் இன்னும் நல்லது. 140 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றியே 120 மில்லிமீட்டர் ஃபேன் தள்ளும் காற்றைத் தள்ளிவிடும்.

இந்தக் கணக்கை மறுபக்கமாகப் படித்தால் நல்ல செய்தி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் நிறையக் குறையும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் தள்ள வேண்டிய சூடு குறைய வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஒரே சீராகக் கேட்கும் சத்தம் அவ்வளவாக உறுத்தாது, காது பழகிவிடும். ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும் சத்தம்தான் எரிச்சல். பல மிஷின்களில் ஃபேன் வெப்பநிலையின் ஒவ்வொரு டிகிரிக்கும் துள்ளும்படி அமைத்திருப்பார்கள். பயாஸிலோ (மிஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை), ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளிலோ, கார்டுக்கு ஆஃப்டர்பர்னரிலோ போய், எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு ஃபேன் வேகம் என்று காட்டும் கோட்டைச் சாய்வாக மாற்றலாம். 60 டிகிரி வரை மெதுவாக ஒரே வேகம், அங்கிருந்து 80 வரை படிப்படியாக ஏற்றம், 80 க்கு மேல் முழு வேகம். கூடவே ஹிஸ்டரீசிஸ் என்ற அமைப்பை 3 அல்லது 4 டிகிரி வைத்தால், சூடு அந்த அளவு இறங்கும் வரை ஃபேன் வேகம் மாறாமல் நிற்கும். பத்து நிமிட வேலை. பாதி எரிச்சல் இதிலேயே போய்விடும்.

எல்லாச் சத்தமும் ஃபேன் சத்தம் இல்லை. கேபினெட் இரும்பு மேசையில் நின்று அதிர்ந்தால் ரீங்காரம் வரும். கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை வெட்டி வைத்தால் நின்றுவிடும். பத்தமடைப் பாயை மடித்து வைக்க வேண்டாம், அது இருக்கும் விலைக்கு. கேமில் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை, ஏறும்போது மட்டும் மெலிதாகக் கீச்சென்று கேட்டால் அது கார்டில் உள்ள காயில்களின், அதாவது கம்பிச் சுருள்களின் சத்தம். காதுக்குத்தான் தொந்தரவு, கார்டுக்கு ஆபத்தில்லை. கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் ஃபேனின் பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள் சிலர். ஒரு மாதம் ஓடும், மறுபடி வரும். ஃபேனை மாற்றிவிடுவதே சரி.

சூட்டையே குறைப்பது

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது நொடிக்கு 60 படம்தான் காட்டும். வேலரன்ட் மாதிரி லேசான கேமில் நல்ல கார்டு நொடிக்கு இருநூறு முந்நூறு ஃப்ரேம் வரைந்து தள்ளும். திரைக்கு முழுசாக வராத படங்களுக்காகக் கார்டு முழு மூச்சாக உழைத்து, அந்த உழைப்பெல்லாம் அறைக்குள் சூடாக இறங்குகிறது. ஆகவே முதல் வேலை ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது. கேமின் செட்டிங்கிலேயே பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்று ஒரு வரி. ஏஎம்டி கார்டில் ரேடியான் சில் என்ற வசதி. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 60, 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 140 பக்கம் வையுங்கள்.

போட்டி ஆட்டக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஃப்ரேம் அதிகமாக ஓடினால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே உள்ள தாமதம் கொஞ்சம் குறையும் என்பார்கள். உண்மைதான். டோர்னமென்ட் ஆடுபவர்கள் அப்படியே ஆடட்டும். சாயங்காலம் நண்பர்களோடு இரண்டு மேட்ச் ஆடும் நமக்கு அந்தச் சில மில்லி நொடிக்காக மாடி அறையை அடுப்பாக்க வேண்டியதில்லை.

மெனு திரையையும் கவனியுங்கள். கேமில் ஒன்றுமே நடக்காத இடத்தில், வரைவதற்கு அதிகம் இல்லாததால், கார்டு தறிகெட்டு ஓடும். 2010 இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது இதுவே பெரிய பிரச்சினையானது. மெனுவில் வரம்பில்லாமல் ஃப்ரேம் ஓடிச் சிலருடைய கார்டுகள் அதிகமாகச் சூடாகின. கேமை உருவாக்கிய பிளிசார்ட் கம்பெனியே, செட்டிங் ஃபைலில் இரண்டு வரி சேர்த்து ஆட்டத்துக்கு 60, மெனுவுக்கு 30 என்று வரம்பு வைக்கச் சொன்னது. இன்றைய கேம்களில் மெனுவுக்கென்று தனி வரம்பு இருந்தால் அதை 30 இல் வைத்துவிடுங்கள். சாப்பிடப் போகும்போது லாபியில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

அடுத்தது பவர் லிமிட். ஆஃப்டர்பர்னரில் அந்தப் பெயரிலேயே ஒரு நகர்த்தி இருக்கும். அதை 100 இலிருந்து 80 க்கு இறக்குங்கள். 170 வாட் கார்டு 136 வாட்டோடு நின்றுகொள்ளும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கார்டுகளில் இழப்பு சில சதவீதத்துக்குள் முடிந்துவிடும். காரணம், சிப் எரிக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறுவதோடு, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால், வேகம் அப்படியே இருந்தாலும், எரியும் மின்சாரம் 19 சதவீதம் குறையும். கம்பெனிக்காரர்கள் கடைசிச் சொட்டு வேகத்தைப் பிழிவதற்காக வோல்டேஜை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கடைசிச் சொட்டை விட்டுக்கொடுத்தால் நிறைய வாட் மிச்சமாகும்.

இதையே இன்னும் நுட்பமாக, ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் என்று நாமே குறித்துக் கொடுப்பதுதான் அண்டர்வோல்டிங். நல்ல பலன் தரும், கார்டைக் கெடுக்காது. ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் கேம் பாதியில் செத்துவிழும், பழைய அமைப்புக்குத் திரும்பி மறுபடி பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பவர் லிமிட்டே போதும்.

இதில் கரண்ட் பில்லுக்கும் ஆதாயம் உண்டு. 300 வாட் மிஷினில் தினம் 4 மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகிறது. வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசியைக் கேமே தின்றுவிடும். இரண்டு வரம்பும் வைத்து 100 வாட் குறைத்துவிட்டால் 24 யூனிட் மிச்சம். வீட்டில் பேச்சு வந்தால் எடுத்துச் சொல்ல உதவும்.

காற்றுக்கு வழி

கம்ப்யூட்டர் டேபிள் என்று கடைகளில் விற்பதில், கேபினெட்டை உள்ளே வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஓர் அறை இருக்கும். சிலதில் முன்னால் கதவும் உண்டு. ஆபீஸில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்கு அது சரி. கேம் ஆடும் மிஷினை அதற்குள் வைத்தால், பின்னால் வெளியேறும் சூடான காற்று போக இடமில்லாமல் சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். மிஷினுக்கு அந்த மரப்பெட்டிதான் அறை. அதன் வெப்பநிலை 45 டிகிரியாக இருந்தால் கணக்கில் 45 தான் சேரும். அதை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதைப்போலச் செலவில்லாத வைத்தியம் வேறில்லை. தூசிக்குப் போட்டுவைக்கும் துணி உறையை ஆட்டத்தின்போது கழற்றுவது சொல்லாமலே தெரியும். பாதிப் பேர் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு ஆடுவதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

பெட்டிக்குள் காற்றோட்டம் போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று. கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி அரை மணி நேரம். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட் மூச்சுத் திணறுகிறது. ஃபேன் சேர்த்தால் பலன் தெரியும். ஒன்றோ இரண்டோதான் இறங்கியது என்றால் குறை பெட்டியில் இல்லை. கூலரில், அதாவது சிப்பின் மேல் உள்ள அந்தத் தகடு, ஃபேன் ஏற்பாட்டில், தூசி அடைத்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலரே சின்னதாக இருக்கும். இந்தச் சோதனை செய்யாமல் ஃபேன் வாங்குவது குருட்டாம்போக்கு. சோதனை முடிந்ததும் கதவை மாட்டிவிடுங்கள், திறந்தபடியே வைத்து ஆடினால் தூசி ஏறும்.

ஃபேன் சேர்ப்பதானால் முன்னாலும் கீழேயும் இருப்பவை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலும் மேலேயும் இருப்பவை வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போதுதான் இடுக்கு வழியாகப் புழுதி உறிஞ்சப்படாமல், வலை உள்ள வழியாக மட்டும் காற்று வரும்.

புழுதி நம் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக்குச் சாரல் கொடுக்கும் அதே தென்மேற்குக் காற்று, மலை தாண்டி நம் பக்கம் வரும்போது வறண்ட காற்றாக மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மாவா? திசையன்விளைப் பக்கம் தேரி மண் வேறு. உவரி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து புழுதியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். வீட்டுக்குள்ளே சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் அதே வேலையைச் செய்கின்றன. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் ஃபேன் இறக்கைகளைத் தடவிப் பாருங்கள், கையில் ஒட்டும்.

அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்தால் நல்லது: வெயில் ஏறுவதற்கு முன் பங்குனியில் ஒரு தடவை, காற்று ஓய்ந்தபின் ஒரு தடவை. இரண்டாவதற்கு ஆயுத பூஜை தோதாக வருகிறது. எப்படியும் அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வைக்கும் முன் கதவைக் கழற்றிக் கொஞ்சம் தூசியையும் தட்டிவிடலாம். குங்குமத்தை முன்பக்கக் காற்று வலைமேல் மட்டும் வைக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் ப்ளோயரும் ஒரு மெல்லிய பெயின்ட் பிரஷும் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாக வேகமாகச் சுற்றும், ஆனால் பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் வேண்டாம். அந்தக் காற்றில் ஈரம் வரும், அழுத்தமும் அதிகம். முன்பக்க வலையைத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டலாம். பேஸ்டைத் தொடும் அவசியம் எல்லா வருஷமும் வராது. சுத்தம் செய்தும் கூடுதல் இறங்கவில்லை என்றால் மட்டும் மாற்றினால் போதும். ப்ராசசரின் நடுவே ஒரு பட்டாணி அளவு வைத்து கூலரை இறுக்கினால் அதுவே பரவிக்கொள்ளும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே இடம் குறைவு, ஃபேன் சின்னது, அதனால் வேகம் அதிகம், சத்தம் கீச்சுக்குரலில் இருக்கும். ப்ராசசர் 95 டிகிரியைத் தொடுவது கேமிங் லேப்டாப்பில் சகஜம். காற்றை அது பெரும்பாலும் அடிப்பக்கமாக இழுக்கிறது. மெத்தைமேல் வைத்தால் வாயைப் பொத்துவதற்குச் சமம். மேசையில் வைத்து, பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்துத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். கூலிங் பேட் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்தத் தூக்கல்தான் என்பதால் அதற்குப் பெரிய தொகை செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

ஃப்ரேம் வரம்பு லேப்டாப்பில் டெஸ்க்டாப்பைவிட இன்னும் பலன் தரும். பவர் லிமிட் நகர்த்தியைப் பல லேப்டாப்புகளில் கம்பெனியே பூட்டி வைத்திருக்கும். ப்ராசசர் அண்டர்வோல்டிங்கும் அப்படியே. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் வழியாக அந்த வசதியை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் அதிகபட்ச நிலை என்ற இடத்தில் 100 ஐ 99 ஆக்கினால், பல லேப்டாப்புகளில் ப்ராசசர் தானே ஏற்றிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும். ஒரு சதவீதம் குறைத்ததாகத் தெரியும், உண்மையில் ப்ராசசர் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். சூடு கணிசமாகக் குறையும். கார்டுதான் முக்கியம் என்ற கேம்களில் ஆட்டம் அவ்வளவாகப் பாதிக்காது. ப்ராசசரை நம்பி ஓடும் கேம்களில் ஃப்ரேம் குறையும், ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது

இவ்வளவும் செய்தபின்னும் சத்தம் தாங்கவில்லை என்றால் அப்போது காசு செலவழிக்கலாம். கூடவந்த சின்ன ப்ராசசர் கூலருக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் ஃபேனோடு நிற்கும் டவர் கூலர் ஒன்று போட்டால் காதுக்கு உடனே தெரியும். முன்பக்கம் கண்ணாடி அடைத்த அழகுக் கேபினெட்டைவிட, முன்பக்கம் முழுக்க வலையாக இருப்பதை வாங்குங்கள். வாட்டர் கூலர் நம் தேவைக்குப் பெரும்பாலும் வேண்டாம்.

கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால், எத்தனை ஜிபி, எத்தனை ஃப்ரேம் என்று கேட்பதோடு எத்தனை வாட் என்றும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 க்கு 170 வாட். அதற்கு அடுத்த தலைமுறை 4060 அதைவிடக் கொஞ்சம் வேகமானது, எடுப்பது 115 வாட். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 என்றால் 132 வாட். பெரிய 4090 தனியாக 450 வாட்; ஏசி இல்லாத மாடி அறையில் அதை வைத்துச் சித்திரையில் ஆடுபவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் தனக்குத்தான் கூலர் தேட வேண்டியிருக்கும்.